மூன்றாம் வீட்டு வால்வு

மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓரிடத்தில் டக்கென்று தட்டிவிட்டுப் போனது. அதை எண்ணக்கூடாது என்று அம்பலவாணன் நினைத்தார். நினைத்ததுமே எண்ண ஆரம்பித்திருந்தார். இடது கண்ணில் புரை எடுத்து இன்றோடு நாலு நாள். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, முடிந்தவரை கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதையெல்லாம் மனைவி மரகதம் தன் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல விரல் மடக்கிச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நாலரைக்கு வருவாள். அதுவரை கண் இல்லை, காது மட்டும்தான். காது மட்டும் இருக்கிறவனுக்கு வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது. பாலக்கரையில் இந்த ஆறு வீட்டுக் காம்பவுண்டுக்குள் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறார். இந்த நாலு நாளில்தான் இத்தனையும் இங்கே இருக்கிறது என்று தெரிகிறது. மாடியில் பிளவுஸ் தைக்கிற பெண்ணின் மெஷின், நீளமாக ஓடி, நின்று, கொஞ்சம் யோசித்து, மறுபடி குட்டியாக ஓடுகிறது. அது கைப்பட்டி திருப்புகிற இடமாக இருக்கும். தகரக் கூரையில் காகம் நடக்கிறது, ஒரு காலை இழுத்து இழுத்து. சந்து முனையில் இஸ்திரிக்காரர் பெட்டியைத் தட்டிச் சாம்பல் உதிர்க்கிறார். எதிர்வீட்டு லூர்து அக்கா போனில் யாரையோ திட்டுகிறாள், அல்லது யாரிடமோ பிரியமாகப் பேசுகிறாள். இரண்டுக்கும் அவளிடம் ஒரே சத்தம்தான். இவை எல்லாவற்றுக்கும் அடியில், படுக்கையை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம், மூன்றாம் வீட்டில், சிவக்கொழுந்து இருந்தார். அவரைத்தான் இவர் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றதெல்லாம் அவரைக் கேட்காமல் இருப்பதற்காகக் கேட்டது. நாலு நாளாக அல்ல, ஆறு வருஷமாக.

சிவக்கொழுந்துவின் மத்தியானம் மாறவே மாறாது. சாப்பிட்ட தட்டு தொட்டியில் விழும். மாத்திரை அட்டை நொறுங்கும். டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். சரியாக இரண்டு மணிக்கு, மாதா கோயில் மணி அடித்து முடிந்த கையோடு, இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போவார். அந்த இழுவைச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். பிறகு இரண்டு இருமல், பிறகு ஒன்றுமில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தைந்து வயது, பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. அந்த இழுவைச் சத்தம் கேட்டதும் அம்பலவாணனுக்குள் எதுவோ தளரும், இன்றைக்கு ஆள் இருக்கிறார் என்று. லீவு நாள்களில் அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். மரகதத்துக்குத் தெரியாது. சாப்பிட்டதும் தூங்குகிற மனுஷன் என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்வாள். இன்றைக்கு மணி அடித்தது. இரண்டும் அடித்து ஓய்ந்தது. நாற்காலி இழுபடவில்லை. அதற்குப் பதிலாகக் குளியலறைத் தகரக் கதவு கிறீச்சிட்டது. குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டார். பனியனை நனைக்கப் போகிறார். வாளியின் அடியில் விழும்போது தண்ணீருக்குத் தகரக் குரல், பாதிக்கு வந்ததும் தொண்டை திறந்துகொள்ளும், நிரம்ப நிரம்பக் குரல் உடைந்து மெலிந்து மேலே மேலே ஏறும். கேட்டுக்கொண்டே இருந்தால் எந்த இடத்தில் கை குழாய்க்குப் போகும் என்று சொல்லிவிடலாம். இதோ இப்போது. கை போகவில்லை. குரல் உச்சிக்கு ஏறி, அங்கே நின்று, வழிய ஆரம்பித்தது. தரையில் தண்ணீர் சப்சப்பென்று அடித்தது. நிறுத்துவார். மாத்திரை எடுக்கப் போயிருப்பார், வந்து நிறுத்துவார். வழுக்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்குமே. கேட்டிருக்குமா. அன்றைக்குக் கேட்டதா என்பதே இன்னும் தீராமல் கிடக்கிறது. அம்பலவாணன் சுவரிலிருந்து விலகி மறுபக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். ஆபரேஷன் செய்த பக்கம் திரும்பிப் படுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வலது காது தலையணையில், இடது காது மேலே, வசமாகத் திறந்து.

அன்றைக்குச் சனிக்கிழமை. சித்திரை மாதம், போர் தண்ணீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்த வருஷம். மோட்டார் போடுகிற பொறுப்பை வீட்டுக்காரர் அம்பலவாணனிடம்தான் கொடுத்திருந்தார். கல்லூரி ஆபீஸில் சூப்பிரண்டு, கறாரான ஆள், கணக்காக இருப்பார் என்று. கணக்காகத்தான் இருந்தார். மாடிப்படியில் தொட்டியிலிருந்து இறங்குகிற ஆறு குழாய்களுக்கும் ஆறு வால்வு உண்டு, வட்டக் கைப்பிடி வைத்தவை. அவற்றின் மேல் சிவப்புப் பெயின்டில் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதியவர் அவர்தான். தண்ணீரை வீணாக்காதீர் என்று சுவரில் ஒட்டியவரும் அவர்தான். இரண்டு நாள் முன்னால், சிவக்கொழுந்துவின் மனைவி தையல்நாயகி கம்பளி அலசியதற்குக் கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "சார், குளிக்கறதுக்கு எத்தனை சொம்புன்னு நீங்களே எழுதி ஒட்டிருங்க. எண்ணிக்கிட்டே குளிச்சிட்டு வந்து கையெழுத்துப் போட்டுர்றேன்." காம்பவுண்டே சிரித்தது. லூர்து அக்கா எதிர்வீட்டு வாசலில் நின்று சிரித்தாள். மரகதம்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை, கேலிதான். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மூன்றாம் வீட்டுக் குழாய் வாளி நிரம்பியும் ஓடிக்கொண்டே இருந்தபோது, இதே கட்டிலில் படுத்திருந்த அவருக்கு அந்தச் சிரிப்புத்தான் முதலில் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே விடுகிறாள் என்று தோன்றியது. பத்து நிமிஷம் பொறுத்தார். இருபது. அரைமணி. நாற்பது நிமிஷம் வேண்டுமென்றேதான் பொறுத்தாரோ என்று பிற்பாடு தோன்றியது, குற்றம் பெரிதாகட்டும், அப்புறம் கேட்டால் யாரும் சிரிக்க முடியாது என்று. மூன்று மணிக்கு எழுந்துபோய் மாடிப்படி ஏறி மூன்றாம் வால்வை இறுக்கி மூடினார். துருப்பிடித்த கைப்பிடி கீச்சென்று கத்தியது. கீழே தண்ணீர்ச் சத்தம் இளைத்து, சொட்டி, நின்றது. அந்த அமைதி எத்தனை இனிமையாக இருந்தது என்பதை அவரால் மறக்க முடியவில்லை. திரும்பி வந்து படுத்தார். தூங்கினார்.

இப்போது சந்துக்குள் காஸ் லாரி நுழைந்தது. சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு கணகணவென்று வந்து, காம்பவுண்டு வாசலில் நின்று, எஞ்சினை நிறுத்தாமல் உறுமியது. அம்பலவாணனுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த உறுமலுக்குள் சிவக்கொழுந்து குழாயை நிறுத்திவிடுவார். லாரி போனதும் பார்த்தால் சத்தம் இருக்காது. லூர்து அக்கா லாரிக்காரனிடம் சிலிண்டரை உருட்டாதே, தூக்கு என்றாள். அவன், நீ ஒரு பக்கம் பிடிக்கா, உன்னையும் சேர்த்தே தூக்கிட்டுப் போறேன் என்றான். உன் பெண்டாட்டி வந்து தேடுவாளே என்றாள். அவ தேடற ஆளா இருந்தா நான் ஏன் உன்கிட்ட வந்து பேச்சு வாங்கறேன் என்றான். மாடியில் தையல் மெஷின் நின்று, அந்தப் பெண் சிரிப்பது கேட்டது. இத்தனை பேர் இருக்கிறார்கள். ஒரு சுவருக்கு அப்பால், ஒரு கூரைக்கு மேல், ஒரு சந்துக்கு எதிரே. அன்றைக்கும் இருந்தார்கள். தண்ணீர் இன்னும் ஓடியிருந்தால் குளியலறைச் சாக்கடையைத் தாண்டிச் சந்துக்கு வந்திருக்கும். சந்துக்குத் தண்ணீர் வந்தால் லூர்து அக்கா சும்மா இருக்கமாட்டாள், காம்பவுண்டுக்குள் புகுந்து மூன்றாம் வீட்டுக் கதவை உடைத்தாவது சண்டை போட்டிருப்பாள். அந்தச் சண்டையைத்தான் அவர் நிறுத்தினார். லாரி பின்னால் நகர்ந்து, திரும்பி, போனது. சிலிண்டர்ச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அது மறைந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஐந்தேகாலுக்குச் சிவக்கொழுந்து வேலை முடிந்து வந்து, உள்தாழ் போட்டிருந்த குளியலறைக் கதவை உதைத்துத் திறந்தார். அலறல் கேட்டுக் காம்பவுண்டு ஓடியது. அம்பலவாணனும் ஓடினார், ஆனால் வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். எல்லோரும் உள்ளே முண்டுகிற நேரத்தில் அவர் மட்டும் மாடிப்படி ஏறி, மூன்றாம் வால்வைத் திறந்தார். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்தார் என்பதுதான் பயங்கரம், கைக்குத் தெரிந்திருந்தது. குழாய் திறந்தபடியே கிடந்தது போலிருக்கிறது. விழுந்து கிடந்த தையல்நாயகியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிவக்கொழுந்துவின் எதிரே, வறண்டு கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அவர் அதை உள்ளங்கையில் ஏந்தி அவள் வாயில் விட்டார். ஆஸ்பத்திரியில், கதவைத் திறக்கும்போதே உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள். அப்படியானால் நாலேகால். மூன்றுக்கும் நாலேகாலுக்கும் நடுவே எத்தனை நிமிஷம் என்று ஆபீஸில், பஸ்ஸில், சாப்பிடும்போது, கோயிலில் சுற்றும்போது போட்டுப் பார்த்திருக்கிறார். எப்படிப் போட்டாலும் எழுபத்தைந்து. ஆனால் துக்கத்துக்கு வந்த ஊர் வேறு கதையை எடுத்துக்கொண்டு போனது. தையல்நாயகியின் தங்கை விசாலம் லால்குடியிலிருந்து வந்து, ஒரு வாய்த் தண்ணிக்கு ஆள் இல்லாமல் போய்ட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டபோது, சிவக்கொழுந்து அவள் கையைப் பிடித்துச் சொன்னார். இல்லைம்மா, தண்ணி தானா வந்துச்சு, நான் விட்டேன், முழுங்கினா. விசாலம் அடித்துக்கொள்வதை நிறுத்தினாள். அன்றிலிருந்து வருஷா வருஷம் அவள் வந்து அந்தக் குழாய்க்கு மஞ்சள் பூசிப் பூ வைத்துவிட்டுப் போகிறாள். இதை வைத்துத்தான் அம்பலவாணன் வாயை மூடிக்கொண்டார். சொன்னால் அந்தக் குழாயும் போய்விடும், அந்த மனுஷனுக்கு அது ஒன்றுதான் மிச்சம். எவ்வளவு நல்ல காரணம். இரக்கம் மாதிரியே இருந்தது. மோட்டார்ச் சாவியை மட்டும், பிரஷர் இருக்கிறது படி ஏற முடியவில்லை என்று சொல்லி, மாடி வீட்டில் கொடுத்துவிட்டார்.

சப்சப்பென்ற சத்தம் இப்போது மாறியிருந்தது. தரையில் தண்ணீர் தேங்கிவிட்டது. தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற பருத்த சத்தம். சாக்கடை அடைத்திருக்க வேண்டும். இல்லை, சாக்கடைமேல் ஏதோ கிடக்க வேண்டும். அம்பலவாணன் எழுந்து உட்கார்ந்தார். தலை சுற்றியது. விழுந்த சத்தம் கேட்கவில்லை, இன்றைக்கு உறுதியாகக் கேட்கவில்லை. அன்றைக்கு? குழாய் திறப்பதற்கும் வாளி வழிவதற்கும் நடுவே, அரிசி மூட்டையைக் கீழே வைத்தது மாதிரி ஒரு சத்தம். கேட்டதா, ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டு உண்டாக்கிக்கொண்டதா. கேட்கவில்லை என்றால் அவர் வெறும் கஞ்சன். கேட்டது என்றால் அவர் யார். பல இரவுகள் அதைக் கேட்காத பக்கம் நின்றிருக்கிறார், சில இரவுகள் கேட்ட பக்கம். தான் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாமலேயே ஐம்பத்தாறு வயதாகிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மணி இரண்டு முப்பத்தைந்து. மரகதத்துக்குப் போன் செய்யலாம். என்ன சொல்வது. அடுத்த வீட்டில் தண்ணீர் ஓடுகிறது என்றா. ஓடினால் ஓடட்டும், நீங்க படுங்க என்பாள். லூர்து அக்காவைக் கூப்பிடலாம். அவள் முதலில் வாசலில் நின்று நாலு கேள்வி கேட்பாள். கால் வாசலுக்கு வந்திருந்தது. வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு கண்ணுக்குள் ஊசியாய் இறங்கியது. வலது பக்கம் திரும்பினால் சிவக்கொழுந்துவின் கதவு, எட்டடி இருக்கும். இடது பக்கம் திரும்பினால் மாடிப்படி. அவர் இடது பக்கம் திரும்பினார்.

ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு பன்னிரண்டு படி ஏறினார். ஆறு வால்வுகளும் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றன. சிவப்பு எண்கள் உதிர்ந்திருந்தன. மூன்று மட்டும் பாதி இருந்தது. கை வைத்தார். சுட்டது. மூடிவிட்டால் சத்தம் நின்றுவிடும். நின்றுவிட்டால் அங்கே என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை, மரகதம் வருகிற வரைக்கும், இல்லை யாராவது வருகிற வரைக்கும். யாரோ ஒருவர் எப்போதும் வந்துவிடுகிறார்கள். கை திருகியது. கீச்சென்று அது கத்தியது, ஆறு வருஷமாக அடக்கி வைத்திருந்ததுபோல. அரைச் சுற்று. அவர் கையைத் தீயிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார். பிறகு மறுபடி பிடித்து, திருகியதைத் திருப்பித் திருகிவிட்டு, அதற்கும் அது கத்தியதைக் கேட்டுக்கொண்டு, படி இறங்கினார். மூன்றாம் வீட்டுக் கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அண்ணே என்றார். தள்ளினார்.

சிவக்கொழுந்து உயிரோடு இருந்தார். வாசல் பக்கம் போகவேண்டிய இரும்பு நாற்காலி இடம் மாறாமல் உள்ளேயே குளியலறைக்கு எதிரே கிடந்தது. அவர் அதில் கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைந்து சுருண்ட பனியன் ஒன்று சாக்கடைக் குழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. தண்ணீர் குளியலறை நிலையைத் தாண்டி அவர் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் உயரத்தில் குழாய், மஞ்சள் பூசி, போன மாதம் விசாலம் சுற்றிய கதம்பம் காய்ந்து கருகி நாராகத் தொங்க, ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்க சார் என்றார். கண்ணுக்கு ஆகாதே, எதுக்கு வெயில்ல வந்தீங்க என்றார்.

"குழாய் ஓடுதுண்ணே."

"ஆமா. பனியன் நனைக்கத்தான் தெறந்தேன். மூடக் கை போகல. சரி, ஓடட்டும், யாரு வராங்க பாப்போம்னு உக்காந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப மாடிப்படியில கீச்சுன்னு கேட்டுச்சு. மூடிட்டுப் போயி படுத்துருவீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அம்பலவாணன் நிலையைப் பிடித்துக்கொண்டார். சிவக்கொழுந்து இன்னும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் குழாயோடும் வால்வோடும் கிடந்தவன் சார் நான், என்றார், தண்ணி தானா வருமா வராதா எனக்குத் தெரியாதா. அவ தலை மடியில கிடந்துச்சு, கண்ணு அவகிட்ட இருந்துச்சு, காது சும்மாதான இருந்துச்சு. மேல கீச்சுன்னுது, கீழ தண்ணி வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தச் சத்தத்தை இன்னைக்குத்தான் கேக்கறேன். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நாலு நாளா நீங்க வீட்டுல இருக்கறதும் சுவத்து வழியா தெரியும், புரண்டு புரண்டு படுக்கறீங்க, என்றார். அம்பலவாணனுக்கு அப்போதுதான் தோன்றியது, சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்று.

"நான்தாண்ணே மூடுனேன்" என்றார். "ரொம்ப நேரமா ஓடுச்சு. வேணும்னு விடறாங்கன்னு நெனச்சேன். மூணு மணிக்கு."

"மூணா?"

சிவக்கொழுந்து முதல்முறையாகத் திரும்பினார். அது அவருக்குத் தெரியாது. திறந்தது தெரியும், மூடியது எப்போது என்று தெரியாது. விரல்கள் முழங்கால்மேல் மெதுவாக அசைந்தன. மூன்றிலிருந்து நாலேகாலுக்கு அவர் போய்ச் சேருவதை அம்பலவாணன் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த எழுபத்தைந்து நிமிஷம் இத்தனை நாள் ஒருவரிடம் இருந்தது, இப்போது இருவரிடம்.

"விழுந்த சத்தம் கேட்டுதா சார்?"

தெரியவில்லை என்ற சொல் ஆறு வருஷமாக வாயிலேயே இருந்தது. அதுதான் உண்மையும்கூட. ஆனால் தெரியவில்லை என்று இந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது மறுபடி படியேறிப் போவது மாதிரி இருந்தது.

"கேட்டுச்சு" என்றார்.

சிவக்கொழுந்து தலையை ஆட்டினார், ஏதோ பொருள் சரியாக இருக்கிறது என்று வாங்கிக்கொள்கிறவர்போல. தண்ணீர் அம்பலவாணனின் பாதத்துக்கும் வந்திருந்தது, வெயிலில் காய்ந்த தொட்டியின் சூட்டோடு. பிறகு அவர் சொன்னார், "விசாலத்துகிட்ட சொல்லிராதீங்க. அக்கா முழுங்கினாங்கறதுலதான் அவ இருக்கா." அதையும் சொல்லிவிட்டு, கண்ணைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "சொல்லாம இருக்கறது உங்களுக்குப் பழக்கம்தான" என்றார். "அத நிறுத்திட்டுப் போங்க."

குழாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. குனியக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. குனிந்தார். இடது கண்ணுக்குள் ரத்தம் வந்து முட்டியது. காய்ந்த பூநார் விரலில் உரச, திருகினார். தண்ணீர் இளைத்து, சொட்டி, நின்றது. அந்த அமைதி வந்தது, அதே அமைதி. அதற்குள் மாடியில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. லூர்து அக்கா சந்தில் யாரையோ கூப்பிட்டாள்.

திரும்பி வந்து ஈரக் காலோடு படுத்தார். மின்விசிறி தட்டியது. கண்ணில் வலி விட்டுவிட்டுத் துடித்தது. மரகதம் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தார், குனிந்தேன் என்றா, எதற்குக் குனிந்தீர்கள் என்பாளே. அடுத்த வீட்டில் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுகிற சத்தம் கேட்டது, நீளமாக, நிதானமாக. அதுவும் முடிந்தது. இனி நாற்காலி. வாசல் பக்கம் இழுபட்டால் தூங்கிவிடலாம் என்று தோன்றியது. நாற்காலி இழுபட்டது. பல்லைக் கூசவைக்கும் அந்தச் சத்தம் தூரப் போகவில்லை. கிட்டே வந்தது, இன்னும் கிட்டே, சுவரை இடித்துக்கொண்டு நின்றது. இருமல் வரவில்லை. அம்பலவாணன் புரளப் போனவர் அப்படியே கிடந்தார். மூச்சு விடுகிற சத்தம்கூட அந்தப் பக்கம் கேட்குமோ என்று, கொஞ்சம் கொஞ்சமாக, வாய் வழியாக விட்டார்.